பாதி மிட்டாய்

மாலை ஆறு மணிக்கு நர்ஸ் ஹர்ஷினி சீனிவாசகத்தின் விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை முந்நூற்றைத் தாண்டியிருந்தது.

காலையில் அதில் பாதிதான் இருந்தது. மதியச் சோற்றுக்குப் பிறகும் கட்டுக்குள் நின்றது. சாயங்காலம் மட்டும் ஏறியது. ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து இதே கதை.

"சார், என்ன சாப்பிட்டீங்க?"

"மூணு மணிக்கு டீ. அதுவும் சீனி இல்லாத டீ. கழுநீர் மாதிரி இருந்துச்சு."

"வேற?"

"வேற என்னத்தத் தந்தீக, திங்கிறதுக்கு?"

ஹர்ஷினி சிரிக்கவில்லை. இன்சுலின் ஊசியைப் போட்டுவிட்டுப் போனாள்.

யோகேஸ்வரி கட்டிலின் கால்மாட்டில் நின்று கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொன்னால் அவர் கண் மேலே போகும். ஆனால் வலி வந்தாலும் மேலேதான் போகும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எது எதுவென்று அவளால் பிரிக்க முடிந்ததில்லை.

வயிற்றுக் கட்டு மஞ்சளாக நனைந்திருந்தது. மதியம்தான் புதுக் கட்டுப் போட்டார்கள்.

டாக்டர் செழியன் வந்தார். கட்டைப் பிரித்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், மறுபடி மூடினார். பிறகு அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். இளவயதுக்காரர். கோபப்படத் தெரியாதவர் போலப் பேசுவார். அதுவே அவளுக்கு அவர்மேல் ஒரு சந்தேகத்தைத் தந்திருந்தது.

"அம்மா, யாரோ குடுக்குறாங்க."

"என்னத்த?"

"இனிப்பு. என்ன இனிப்புன்னு தெரியல. ஆனா குடுக்குறாங்க. நான் போடுற இன்சுலினுக்கு இவ்வளவு ஏறாது."

"மருந்து சரியில்லாம இருக்கலாம்ல?"

"இருக்கலாம். அதனாலதான் நேத்து மருந்தை மாத்துனேன். அளக்குற மெஷினையும் மாத்துனேன்."

"ஆபரேஷன் பண்ண கத்தி சுத்தமில்லாம இருந்திருக்கலாம்."

டாக்டர் தலையசைத்தார்.

"நியாயமான கேள்விதான். அன்னைக்கு அதே தியேட்டர்ல இன்னும் மூணு பேருக்குப் பண்ணேன். அவங்கெல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்க. இவருக்கு மட்டும் ஏன் சீழ் பிடிக்குதுன்னு நானும்தான் யோசிக்கிறேன்." அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "அன்னைக்குக் காலையில வெறும் வயித்துலயே சர்க்கரை அதிகம். வேற ஆபரேஷனா இருந்தா வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். தொப்புள்கிட்ட குடல் பிதுங்கி இறுக ஆரம்பிச்சிருந்துச்சு. தள்ளிப்போட்டா குடல் அழுகிடும். டிரிப்ஸ்ல இன்சுலின் ஓட விட்டுக்கிட்டேதான் பண்ணோம். அறுக்குறப்பவும் தைக்குறப்பவும் சர்க்கரை இறங்கவே இல்ல. அந்த நேரத்துல அது ஏறி நின்னா ரத்தத்துல கிருமியோட சண்டை போடுற அணுவெல்லாம் மந்தமாயிடும். கிருமி சுலபமா உள்ள போயிடும். போயிடுச்சு. இப்ப நாம அதுக்குத் தீனி போடாம இருக்கணும். நீங்க போடுறீங்க."

"நான் போடல."

"சரி. யாரோ போடுறாங்க. குடல் மறுபடி பிதுங்காம இருக்க உள்ள வலை வச்சுத் தச்சிருக்கேன். சீழ் அந்த வலையத் தொட்டுட்டா மறுபடி திறந்து அதை எடுக்கணும். சர்க்கரை இப்படி இருக்குறப்ப மறுபடி திறந்தா அவர் தாங்குவாரான்னு என்னால சொல்ல முடியாது."

அவர் போன பிறகும் அவள் வராந்தாவிலேயே நின்றாள். யாரோ என்றால் யார்? வந்து போகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மறுநாள் காலை, கட்டிலின் காலைப் பிடித்து எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. வரிசை சுவரோரமாக வந்து, கட்டில் கம்பியில் ஏறி, தலையணைக்கு அடியில் போனது. சீனிவாசகம் தூங்கிக்கொண்டிருந்தார்.

யோகேஸ்வரி ஆயா பஞ்சம்மாளைக் கூப்பிட்டாள்.

"இது என்ன ஆஸ்பத்திரியா, பலசரக்குக் கடையா?"

பஞ்சம்மாள் இடுப்பில் கைவைத்து எறும்பைப் பார்த்தாள்.

"எறும்பு என்ன எங்கூட டூட்டிக்கா வருது? பக்கத்து ரூம்ல இல்ல, எதுத்த ரூம்ல இல்ல. உங்க ரூமுக்குத்தான் வருது."

"நீ டீ வாங்கித் தாரப்ப என்ன போட்டுத் தார?"

"எம்மா, உங்க வீட்டய்யாவுக்கு இனிப்பு ஊட்டி எனக்கு என்ன ஆகப்போவுது? நான் என்ன அவுகளுக்குப் பேத்தியாளா?" அவள் குரலை உயர்த்தவில்லை. "தலகாணியத் தூக்கிப் பாருங்க. அப்புறமா எம்மேல பாயுங்க."

யோகேஸ்வரி கணவரின் தலையை ஒரு கையால் தாங்கி, தலையணையை மெல்ல உருவினாள். உறையின் அடிப்பக்கத்தில் பழுப்பாக ஒரு கறை. பிசுபிசுவென்று இருந்தது. விரலால் தொட்டு மோந்தாள்.

கருப்பட்டி.

பஞ்சம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, துடைப்பத்தை எடுத்தாள்.

டீக்கு வந்த கருப்பட்டியா? இந்த ஆஸ்பத்திரி கேன்டீனில் கருப்பட்டியே கிடையாது. வெளியிலிருந்து வந்தது. வெளியிலிருந்து தினமும் வருகிறவர் ஒருவர்தான்.

சீனிவாசகத்தின் தம்பி மணிகண்டராஜ்.

வெம்பக்கோட்டை ரோட்டில் இருக்கும் பட்டாசுக் கம்பெனி அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. லைசென்ஸ் மட்டும் அண்ணன் பேரில். போன தீபாவளி முடிந்ததும் மணி தன் பேரையும் சேர்க்கச் சொன்னார். பார்க்கலாம் என்றார் அண்ணன். அதற்குப் பிறகு மணியின் மனைவி இவர்கள் வீட்டுப் படி ஏறவில்லை. மணி மட்டும் முன்னைக்கும் அதிகமாக வந்து போனார். அதை அப்போது யோகேஸ்வரி பாசம் என்று நினைத்தாள்.

குடலிறக்கம் முற்றியபோது சிவகாசியில் காட்டாமல் விருதுநகருக்குக் கொண்டுவந்ததும் மணிதான். சிவகாசியில் சேர்த்தால் ஊர் முழுக்கத் தெரியும், முதலாளி படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் வடக்கத்தி ஏஜெண்டுகள் வேறு கம்பெனி பார்த்துப் போய்விடுவார்கள் என்றார். மாசி மாதம், ஆர்டர் பிடிக்கிற சீசன். பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. இப்போது அதையே வேறு மாதிரி பார்த்தாள். தெரிந்த முகம் இல்லாத ஊர். பார்க்கவும் கேட்கவும் ஆள் இல்லாத ஊர்.

கனடாவில் இருக்கும் மகள் ஐஸ்வர்யாவுக்குப் போன் போட்டாள்.

"சித்தப்பாவா? அம்மா, நீங்க பால்காரரையும் இப்படித்தான் சந்தேகப்பட்டீங்க."

"பால்காரன் தண்ணி கலந்தான்ல?"

"கலந்தாரு. அதுக்காக எல்லாரும் கலக்குறாங்களா?"

"கருப்பட்டி வாடை வந்துச்சு ஐசு."

"அப்பாகிட்டயே கேளுங்க."

"அவுக சொல்ல மாட்டாக."

"அப்ப நீங்க அப்பாவையும்தான் சந்தேகப்படுறீங்க," என்றாள் மகள்.

அன்று மாலை மணி வந்தார். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் ஹெல்மெட். சிவகாசியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த தூசி சட்டையில் இருந்தது. யோகேஸ்வரி துணிப்பையை வாங்கி, வாங்கியதும் திறந்து பார்த்தாள். துவைத்த வேட்டி இரண்டு, செய்தித்தாள், திருநீற்றுப் பொட்டலம்.

"என்ன மதினி, பிளாண்ட் கேட்டுல சோதனை போடுற மாதிரி போடுறீக?" என்று மணி சிரித்தார். "பீடி, தீப்பெட்டி, செல்போன் எதுவும் இல்ல. உள்ள போகலாமா?"

"போங்க தம்பி."

மணி அண்ணனின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஹெல்மெட்டை மடியில் கவிழ்க்காமல், நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.

"நீங்க கீழ போயி காப்பி குடிச்சிட்டு வாங்க மதினி. காலையில இருந்து இங்கனயே கெடக்கீக. அண்ணங்கிட்ட கொஞ்சம் கம்பெனி விசயம் பேசணும்."

தினமும் இதைத்தான் சொல்கிறார். தினமும் அவளும் கீழே போயிருக்கிறாள். சீனிவாசகமும் போயிட்டு வா என்று தலையசைத்தார்.

அவள் வெளியே வந்தாள். மாடிப்படி வரை செருப்புச் சத்தம் கேட்க நடந்தாள். படியருகே செருப்பைக் கழற்றி விட்டு வெறுங்காலோடு திரும்பினாள். கதவு ஒருக்களித்திருந்தது.

"இது பாட்னா," என்றது மணியின் குரல். "இது இந்தூரு."

"இந்தூர்க்காரன் எம்புட்டு சொன்னான்?"

"போன வருசத்துக்கு மேல ஒரு லோடு கூட."

"ஏலே, நெசமாவா? அவன் எச்சிக் கையால காக்கா ஓட்டாத பயலாச்சே."

அந்தச் சிரிப்பை யோகேஸ்வரி கேட்டு வெகு நாளாகியிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்ததே இல்லை. தையல் இழுக்கும் என்பார்.

கதவைத் தள்ளினாள்.

மணி குனிந்திருந்தார். மடியில் இருந்த ஹெல்மெட்டுக்குள் வாழையிலைத் துண்டு விரிந்திருந்தது. அதில் கருப்பட்டி மிட்டாய், பாதியாக உடைத்த ஒரு துண்டு. இன்னொரு மிட்டாயின் பாதி அவர் விரல்களில் இருந்தது. சீனிவாசகம் கோயிலில் பிரசாதத்துக்கு நிற்கிறவர் போல வாயைத் திறந்து வைத்திருந்தார்.

மிட்டாயிலிருந்து பாகு ஒரு சொட்டு தலையணையில் விழுந்தது.

"வாய மூடுங்க," என்றாள் யோகேஸ்வரி.

அவர் மூடினார். பிறகு, "கருப்பட்டிதான் யோகு. சீனி இல்ல," என்றார்.

அந்தக் கம்பெனியில் மாமனார் காலத்திலிருந்து ஒரு பழக்கம் உண்டு. அவளுக்கும் தெரியும். வடக்கேயிருந்து ஏஜெண்டு வந்து ஆர்டர் சொன்னால், ஒரு கருப்பட்டி மிட்டாயை இரண்டாக உடைப்பார்கள். பாதியை ஏஜெண்டு தின்ன வேண்டும், பாதியை முதலாளி தின்ன வேண்டும். அதன் பிறகுதான் அட்வான்ஸில் கைவைப்பார்கள். ஒரு வருடம் மாமனார் விரதம் என்று தின்னாமல் விட்டார். அந்த ஆர்டருக்குப் போன லாரி நாக்பூருக்கு அந்தப் பக்கம் எரிந்துபோனது. அதிலிருந்து விரதமும் இல்லை, விலக்கும் இல்லை. சர்க்கரை வந்த பிறகும் சீனிவாசகம் விடவில்லை. ஆபீசில் நடப்பதால் அவள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். இங்கே ஏஜெண்டு தின்ற மிச்சப் பாதி தினமும் ஹெல்மெட்டில் வந்திருக்கிறது.

"தினம் எத்தனை பாதி?"

"வர்ற ஆர்டரப் பொறுத்து," என்றார் சீனிவாசகம். "ரெண்டு. மூணு. நேத்து நாலு."

"ஆபரேஷன் அன்னைக்குக் காலையில? தம்பி திருநீறு கொண்டாந்தாகளே, அப்ப?"

அவர் கண் கூரைக்குப் போனது.

"அன்னைக்கு ஒண்ணே ஒண்ணுதான். கான்பூரு."

"ஒண்ணும் சாப்பிடலன்னு டாக்டர்கிட்ட சொன்னீக."

"பாதி மிட்டாயச் சாப்பாடுன்னு எவன் சொல்லுவான்?"

யோகேஸ்வரி மணியின் விரலிலிருந்த துண்டை வாங்கி இலையோடு சுருட்டினாள். மணி தடுக்கவில்லை. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிபட்டவன் பதற வேண்டும்.

"நீங்க போயிட்டு வாங்க தம்பி. நாளைக்கு வர வேண்டாம்."

"மதினி, அண்ணந்தான் கேட்டாக..."

"அவுக கேப்பாக. கேட்டா வெசத்தையும் கொண்டாருவீகளா?"

மணியின் முகம் கறுத்தது. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். சீனிவாசகம் தலையைத் தூக்கப் பார்த்து, வலியில் பல்லைக் கடித்தார்.

"அவன எதுக்குத் திட்டுற? நான் படுத்துக் கெடக்கேன். அவன் ஒத்தையா நின்னு இம்புட்டு ஆர்டர் புடிச்சிருக்கான். அப்பா இருந்திருந்தா அவனத் தலையில வச்சு ஆடியிருப்பாரு."

அன்று சர்க்கரை முந்நூற்றைத் தொடவில்லை. அவள் கதவைத் தள்ளுமுன் ஒரு பாதிதான் உள்ளே போயிருந்தது. ஆனால் காய்ச்சல் வந்தது.

யோகேஸ்வரிக்கு அந்தப் பேச்சுதான் உறுத்திக்கொண்டிருந்தது. இம்புட்டு ஆர்டர். இந்த வருடம் யாருக்கு ஆர்டர்? வடக்கே பாதி ஊரில் வெடிக்கத் தடை. விஸ்வநத்தத்தில் அவளுடைய பெரியப்பா மகன் கம்பெனியில் போன வருடத்துச் சரக்கே குடோனில் கிடக்கிறது. ஊரெல்லாம் ஈ ஓட்டும்போது இவர்களுக்கு மட்டும் பாட்னாவும் இந்தூரும் கான்பூரும் வரிசையில் நிற்கிறதா?

காலையில் சிவகாசி ஆபீசுக்குப் போன் போட்டாள். டைப் அடிப்பது, டீ வாங்குவது, ஏஜெண்டுகளை உட்கார வைப்பது எல்லாம் முத்துச்செல்விதான்.

"செல்வி, நேத்து வந்த பாட்னாக்காரரு சாப்பிட்டுப் போனாரா?"

"பாட்னாவா? யாரும் வரலயேம்மா."

"இந்தூருகாரரு?"

"எம்மா, டீ பிளாஸ்கக் கழுவிக் கவுத்தி ஒரு வாரம் ஆச்சு. யாருமே வரல. போன்தான் வருது. பெரிய மொதலாளி எப்ப வருவாருன்னு கேப்பாக. மெட்ராஸ் போயிருக்காருன்னு சொல்லச் சொன்னாரு சின்னவரு. சொல்லிக்கிட்டு இருக்கேன்." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா மிட்டாய் மட்டும் தினம் வாங்கியாரச் சொல்லுவாரும்மா. உள்ள உக்காந்து அவரே ஒடைப்பாரு. யாருக்குன்னு கேட்டேன். அண்ணனுக்குன்னாரு."

யோகேஸ்வரி போனை வைத்தாள். ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது. சந்தேகம் வீண் போகவில்லை.

டாக்டர் செழியன் வந்து கட்டைப் பிரித்தார். இந்த முறை மோந்து பார்க்கத் தேவையில்லை. வாசலில் நின்ற அவளுக்கே வாடை வந்தது.

"வலையத் தொட்டுடுச்சு," என்றார் வெளியே வந்து. "நாளைக்குக் காலையில திறக்கணும்."

"தாங்குவாகளா?"

"யாருன்னு கண்டுபிடிச்சீங்களா?"

"கண்டுபிடிச்சாச்சு. இனி வராது."

"அப்ப தாங்குவாரு. இப்பவே டிரிப்ஸ்ல இன்சுலின் போடச் சொல்றேன். காலையில தியேட்டர்ல நான் கத்திய எடுக்குறப்ப சர்க்கரை அளவுக்குள்ள இருக்கணும். போன தடவை மாதிரி இருக்கக் கூடாது. வாயில ஒண்ணும் போகக் கூடாது. அது மட்டும் இல்லம்மா. பயந்தாலும் பதறினாலும்கூட சர்க்கரை ஏறும். இன்னைக்கு அவர் மனசு நல்லா இருக்கட்டும். கெட்ட சேதி எதுவும் அவர் காதுக்குப் போக வேண்டாம்."

அவள் தலையாட்டினாள்.

மதியம், ஆஸ்பத்திரி கேட்டருகே மணி நின்றிருந்தார். மேலே ஏறி வரவில்லை. மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோகேஸ்வரி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

"அண்ணனுக்கு எப்படி இருக்கு மதினி?"

"பாட்னாக்காரரு நல்லா இருக்காரா?"

மணி அவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"செல்விகிட்டக் கேட்டீகளா?"

"கேட்டேன்."

"ஒரு ஆர்டர்கூட வரல மதினி. இந்த சீசன்ல ஒண்ணுகூட வரல. எவனுக்கும் எங்கூடப் பேச்சு இல்ல. அண்ணன் வரட்டும் பேசிக்கிறோம்கான்."

"அப்ப கான்பூரு?"

"அதுதான் மொதப் பொய்." அவர் குரல் தாழ்ந்தது. "ஆபரேஷனுக்கு முந்தின நாளு டாக்டர் சொல்லிட்டாரு, தள்ளிப்போட்டா குடல் அழுகிரும்னு. அண்ணன் எனக்குப் போன் போட்டு, கான்பூர்க்காரன் என்ன சொன்னான், அவன் இன்னும் வரலன்னா நான் டிரிப்ஸப் புடுங்கிட்டு வாரேன்னாக. செய்வாக. உங்களுக்குத் தெரியாதா? வந்துட்டான், ஆர்டர் குடுத்துட்டான்னேன். அப்பதான் நிம்மதியாப் படுப்பாகன்னு. ஒடனே அண்ணன், அப்ப என் பாதியக் காலையில கொண்டாலேன்னு சொன்னாக."

"கொண்டாந்தீக."

"கொண்டாராம இருந்தா தெரிஞ்சு போயிருமே. அதுக்கப்புறம் தினம் கேக்க ஆரம்பிச்சாக. கான்பூரு வந்தா இந்தூரு எங்கம்பாக. இந்தூரு வந்தா பாட்னா எங்கம்பாக. நிப்பாட்ட முடியல."

"அவுகளுக்குச் சுகர் இருக்குன்னு தெரியாதா?"

"கருப்பட்டிதானேன்னு..."

"நெசமாவே அப்படித்தான் நெனச்சீகளா?"

மணி பார்வையை ரோட்டுக்குத் திருப்பினார். எதிரே ஒரு ஆட்டோ திரும்ப இடமில்லாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

"மிச்சப் பாதி?" என்றாள்.

"நான் தின்னேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். எனக்கும் சுகர் வந்து ரெண்டு வருசம் ஆச்சு மதினி. வீட்டுக்காரிக்கு மட்டும்தான் தெரியும்."

அது அவளுக்குத் தெரியாது. உண்மையாக இருக்கலாம். இந்த நிமிடத்தில் முளைத்ததாகவும் இருக்கலாம். மணிக்கு அண்ணனைப் போலக் கண் மேலே போகும் பழக்கமும் இல்லை. அந்த முகத்தில் எதையும் பிடிக்க முடியவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா தம்பி?"

"கேளுங்க."

"அண்ணன் எந்திரிக்கலன்னா லைசென்ஸு யாரு பேருக்கு மாறும்?"

மணி ஹெல்மெட்டைத் தலையில் மாட்டினார். கொக்கியைப் போட நேரமெடுத்தார்.

"அதக் கேக்கணும்னு இம்புட்டு நாளா மனசுல வச்சிருந்தீக. கேட்டுட்டீக," என்றார். "காலையில வாரேன். வேண்டாம்னாலும் வருவேன். கீழயே நிக்கிறேன்."

வண்டி கிளம்பிப் போனது. யோகேஸ்வரி வெயிலில் நின்றாள். அவர் சொன்னது அத்தனையும் பொருந்துகிறது. அண்ணன் உயிரைக் காப்பாற்றப் பொய் சொன்ன தம்பிக்கும் பொருந்துகிறது. சர்க்கரை நோயாளிக்குத் தினமும் மிட்டாய் ஊட்டிய பங்காளிக்கும் பொருந்துகிறது. எந்தப் பக்கம் புரட்டினாலும் ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

மேலே போனாள். டிரிப்ஸில் இன்சுலின் ஓடிக்கொண்டிருந்தது. ஹர்ஷினி அடிக்கடி வந்து விரலில் குத்தினாள். ஒவ்வொரு முறையும் அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது. காய்ச்சல்கூட விட்டிருந்தது. சாயங்காலம் பார்த்தபோது ஹர்ஷினி முதல் முறையாகச் சிரித்தாள்.

"இப்படியே இருந்தா டாக்டர் சந்தோசப்படுவாரு சார்."

"அவரு சந்தோசப்பட நான் பட்டினி கெடக்கணும். என்ன பொழப்போ."

ஹர்ஷினி போனாள். சீனிவாசகம் கதவைப் பார்த்தார். மணி வருகிற நேரம்.

"மணி வரலயா?"

"வரல."

"நீ வர வேண்டாம்னதாலயா, இல்ல அவனா வரலயா?"

"படுங்க. காலையில ஆபரேஷன்."

"மிட்டாய் கேக்கல. பயப்படாத." டிரிப்ஸ் ஊசி குத்திய கையை அவர் மெல்லத் தூக்கி, நெஞ்சில் வைத்துக்கொண்டார். "படுத்துக்கிட்டு ஒண்ணு யோசிச்சேன். ஏஜெண்டு எப்பவும் பெரிய பாதியத்தான் எடுப்பான். நம்மளும் விட்டுக் குடுத்துருவோம். யாவாரத்துல அது ஒரு மரியாதை. அப்பா காலத்துல இருந்து எனக்கு வந்ததெல்லாம் சின்னப் பாதிதான்."

யோகேஸ்வரி போர்வையை இழுத்துவிட்டாள். சரியாகத்தான் இருந்தது. திரும்பவும் இழுத்துவிட்டாள்.

"இங்க வந்ததெல்லாம் பெரிய பாதி."

அவர் கூரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். தலைமாட்டில் இன்சுலின் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. கெட்ட சேதி எதுவும் காதுக்குப் போக வேண்டாம் என்று டாக்டர் சொன்ன இடத்தில்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள். அதே இடத்தில் ஒரு வாரத்துக்கு முன்னால் மணி நின்றிருக்கிறார், அல்லது நின்றதாகச் சொல்கிறார்.

"நாளைக்கு உள்ள போறதுக்கு முன்னால எனக்குத் தெரியணும். மணி கொண்டாந்த ஆர்டரெல்லாம் நெசம்தானா, யோகு?"